ராஜேந்திர சோழனுக்கு ஒரு தோல்

ஆம்பூர்ப் பக்கம் தோல் என்றால் தொழில். ஃபினிஷிங்கில் பதனிட்ட தோலின் மேல் சாயத்தை ஸ்ப்ரே செய்து, மாதிரித் துண்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். ஃபிளைட் சிமுலேட்டர் ஆடுகிறவர்களிடமும் இதே சொல் புழங்குகிறது: ‘ஸ்கின்’. விமானத்தின் முப்பரிமாண வடிவம் ஏற்கெனவே தயார். அதன்மேல் போர்த்தும் படக்கோப்பை மாற்றினால் விமானமே வேறாகிவிடும். இதுதான் ரீபெயின்ட்.

1971-ல் ஏர் இந்தியாவுக்கு முதல் போயிங் 747 வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பேரரசர் பெயர்: அசோகர், ஷாஜகான், நம்ம ராஜேந்திர சோழன், விக்கிரமாதித்யன். ஜன்னல்தோறும் சிவப்பில் அரண்மனைச் சாளர வளைவு. அசோகர் 1978 ஜனவரி 1 அன்று பம்பாய்க் கடலில் விழுந்தது. 213 பேர் இறந்தார்கள். மற்றவையும் இன்று வானத்தில் இல்லை.

இப்போது அவை பறப்பது சிமுலேட்டரில்தான். ரீபெயின்ட் செய்பவர் முதலில் கேட்க வேண்டியது: எந்த வருஷத்து விமானம்? 1989-ல் நிறுவனம் தோற்றத்தையே மாற்றியது. எதிர்ப்பு கிளம்பி, பழைய வளைவுகள் திரும்பின. வருஷம் தப்பினால் வரலாறும் தப்பு.

அடுத்த சிக்கல் சிவப்பு. ஆதாரம் பழைய கலர் போட்டோ, அதுவே வெளுத்திருக்கும். அதில் தெரிகிற சிவப்பை அப்படியே எடுத்தால் கிடைப்பது காகிதத்தின் வயசு. தோல் ஷாப்பில் மாதிரித் துண்டு கையில் இருக்கும். இங்கே மாதிரியே போய்விட்டது. பத்துப் போட்டோவை அடுக்கி, வெயிலையும் நிழலையும் கழித்து, ஒரு சிவப்பைத் தேர்ந்து, விடி-ஈபிஎன் என்ற பதிவெண்ணை எழுதி, சோழனை மீனம்பாக்கத்தில் இறக்குகிறவர் செய்வதும் வரலாற்று வேலைதான்.