மறதிநோயாளருக்கான சுற்றத் துணை

டிமென்ஷியா எனும் மறதிநோயுடன் வாழ்பவரையும் அவரைப் பராமரிப்பவரையும் உறவினர், அக்கம்பக்கத்தார், சுகாதாரப் பணியாளர் சேர்ந்து தாங்கும் ஏற்பாடு. இந்தியாவில் இதற்கென முன்னோடி அமைப்பான ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. 1992இல் கேரளத்தில் தொடங்கியது. கோவாவில் 81 குடும்பங்களிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வே மிகுந்த நம்பிக்கை தருவது: பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று நோயை விளக்கினர், வழிகாட்டினர், ஆறுதலாகப் பேசினர்; அதனால் பராமரிப்போரின் மன உளைச்சல் குறைந்தது. ஸ்ரீமுஷ்ணம் போன்ற சிற்றூர்களுக்கு ஏற்ற வழி இதுவே. அங்கே பூவராகர் கோயிலருகே பூ விற்பவரும் டீக்கடைக்காரரும் முகமறிந்தவர்கள். வழி தவறிய முதியவரை வீடு சேர்க்க அவர்களிடம் குடும்பத்தார் வெட்கமின்றி நோயைச் சொல்லிவைக்க வேண்டும். தமிழக அரசு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் ரத்த அழுத்தம் பார்க்கையில் நினைவாற்றலையும் விசாரிக்கலாம். முதியோர் உதவி எண்: 14567.