துணிச் சிறகின் கதை

விமானம் என்றதும் பளபளக்கும் அலுமினியத் தகடுதான் நம் நினைவுக்கு வரும். ஆனால், இயந்திர விசையால் மனிதனைச் சுமந்து முதன்முதல் பறந்த விமானத்தின் சிறகு, மரச்சட்டத்தின்மேல் போர்த்திய பருத்தித் துணிதான். 1903 டிசம்பர் 17ஆம் நாள், அமெரிக்காவின் வட கரோலினா கடற்கரை மணலில், ரைட் சகோதரர்களின் விமானம் முதல் முறை 12 விநாடியில் 120 அடி பறந்தது. அன்று நான்கு முறை பறந்தபின், காற்று அதைப் புரட்டிப் போட்டது. பிறகு அது பறக்கவே இல்லை.

அந்தத் துணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடையில் விற்கும் வெளுக்காத மஸ்லின் அது. அண்ணன் வில்பரும் தம்பி ஓர்வில்லும் தாங்களே தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து தைத்தார்கள். சிறகின் விலாச் சட்டங்கள் நுழைவதற்குத் துணியிலேயே நீண்ட பைகள் வைத்தார்கள். இழைகள் மூலைக்குறுக்காக ஓடும்படி துணியைப் பொருத்தினார்கள். மரச்சட்டம் ஆடாமலிருக்க மூலைக்கு மூலை கம்பி இழுத்துக் கட்டுவோமல்லவா? அந்த வேலையை இங்கே நூலிழைகளே செய்தன!

1912இல் வில்பர் காலமானார். மறு ஆண்டு டேட்டன் நகரில் பெருவெள்ளம். பெட்டிகளில் வைத்திருந்த விமானம் பல நாள் நீரிலும் சேற்றிலும் கிடந்தது. முதற்பறத்தலின் பெருமை யாருக்கு என்பதில் ஸ்மித்சோனியன் நிலையத்தோடு ஓர்வில்லுக்குப் பிணக்கு. ஆகவே 1928இல் விமானத்தை லண்டன் அறிவியல் அரும்பொருளகத்துக்கு அனுப்பிவிட்டார். அதற்கு முன், 1927இல், கறைபட்ட பழைய துணியை அகற்றிப் புதிய மஸ்லின் போர்த்தினார்.

பிணக்குத் தீர்ந்து, 1948இல் விமானம் வாஷிங்டனுக்கு, அதே ஸ்மித்சோனியனுக்கு, வந்தது. அதற்குள் ஓர்வில்லும் இல்லை. 1927இல் போட்ட துணியும் நாளடைவில் மூப்படைந்தது. 1985இல் நிபுணர்கள் மீண்டும் புதுத்துணி போர்த்தினார்கள். நம் வீட்டுப் பெண்கள் அளவு ரவிக்கையை வைத்துப் புது ரவிக்கை வெட்டுவதைப் போல, எஞ்சியிருந்த பழைய துணியைப் பார்த்தே வேலை நடந்தது.

இருமுறை துணி மாறியபின் அது அதே சிறகுதானா என்று சிலர் கேட்கக்கூடும். மரச்சட்டத்தில் பெரும்பகுதி பழையதுதான். துணியோ நைந்துபோகும் பொருள், மாற்றத்தான் வேண்டும். ஆனால் கழற்றிய துணியைக் குப்பையில் எறிந்திருந்தால், அது தீராத இழப்பாகியிருக்கும் என்பது நம் எண்ணம்.

நல்லவேளை, எறியவில்லை. 1969இல் ஆர்ம்ஸ்ட்ராங் நிலவில் இறங்கியபோது, அந்த 1903ஆம் ஆண்டு மஸ்லினில் ஒரு துண்டும் உடன் சென்று திரும்பியது. தபால்தலை அளவுள்ள இன்னொரு துண்டை, செவ்வாய்க் கிரகத்துக்குப் போன ‘இன்ஜெனுவிட்டி’ என்ற சிறு ஹெலிகாப்டரின் சூரியப் பலகைக்கு அடியில் கட்டி அனுப்பினார்கள். 2021 ஏப்ரல் 19இல் அது செவ்வாயில் முதல் முறை எழும்பியது. 72 முறை பறந்து, 2024 ஜனவரியில் இறக்கை உடைந்து நின்றுவிட்டது. துணித்துண்டும் அதனோடு அங்கேயே இருக்கிறது.