முதல் ஒட்டு

தலைப்பைப் பார்த்துட்டு தேர்தல் பதிவுன்னு நினைச்சுடாதீங்க மக்களே. அது ஓட்டு, இது ஒட்டு. கிழிஞ்ச சட்டைக்கு உள்பக்கமா துணி வச்சுத் தைப்பாங்களே, அந்த ஒட்டு. நிரல் எழுதறவங்க பாஷையில 'பேட்ச்'.

பொட்டி தட்டற வேலைக்குப் புதுசா வர்ற பசங்க என்கிட்ட அடிக்கடி கேக்கற கேள்வி ஒண்ணு உண்டு. "ஓப்பன் சோர்ஸ்ல ஏதாவது செய்யணும்னு ஆசையா இருக்குண்ணா, ஆனா அங்க இருக்கறவங்க எல்லாம் பெரிய ஆளுங்க. நாம போய் என்ன செய்ய?" இதுக்குப் பத்துப் படி, பதினஞ்சு படின்னு இணையத்துல ஏகப்பட்ட ஏணி சாத்தி வச்சிருக்காங்க. என்னைக் கேட்டா, ஏற்கெனவே ஏறினவங்க எப்படி ஏறினாங்கன்னு பாக்கறது இன்னும் உபயோகம். அதனால கொஞ்சம் வரலாறு.

லினக்ஸ்லேர்ந்தே ஆரம்பிப்போம். 1991 ஜனவரியில, ஹெல்சின்கி பல்கலைக்கழகத்துல படிச்சிட்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு 386 கணினி வாங்கினார். அப்ப வயசு 21. உலகத்தை மாத்தற திட்டம் எதுவும் அவர்கிட்ட இல்லை. அந்தச் சில்லு எப்படி ஒரே நேரத்துல ரெண்டு வேலையைப் பாக்குதுன்னு தெரிஞ்சுக்க ஆசை. ஒரு வேலை திரையில 'ஏ'ன்னு எழுதும், இன்னொண்ணு 'பி'ன்னு எழுதும். அம்புட்டுதான் நிரல்!

அதையே கொஞ்சம் மாத்தி, வீட்டுலேர்ந்து மோடம் வழியா பல்கலைக்கழகக் கணினியோட பேசற நிரலா ஆக்கினார். பேசினா போதுமா? அங்கேர்ந்து கோப்புகளை இறக்கி வச்சுக்கணும். அதுக்கு வட்டுல எழுதற நிரல் வேணும், அப்புறம் கோப்புகளை ஒழுங்கா அடுக்கி வைக்கற முறை வேணும். ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு. திரும்பிப் பாத்தா ஓர் இயங்குதளத்தோட பாதி கையில இருக்கு.

1991 ஆகஸ்ட் 25 அன்னிக்கு, மினிக்ஸ் பயன்படுத்தறவங்களோட செய்திக்குழுவுல அவர் ஒரு மடல் போட்டார். மினிக்ஸ்ங்கறது பேராசிரியர் டானன்பாம் மாணவர்களுக்குப் பாடம் நடத்த 1987ல எழுதின இயங்குதளம். நான் ஒண்ணு செஞ்சிட்டிருக்கேன், சும்மா பொழுதுபோக்குதான், குனூ மாதிரி பெருசா எல்லாம் வராது, உங்களுக்கு மினிக்ஸ்ல எது பிடிக்கும், எது பிடிக்காதுங்கறதுதான் மடலோட சாரம். கூடவே, குனூ திட்டத்தோட பேஷ், ஜிசிசி ரெண்டும் தன் தளத்துல ஓடுதுன்னும் சொல்லியிருந்தார். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983ல குனூவை அறிவிச்சு, அவரும் மத்தவங்களும் வருஷக்கணக்கா உழைச்சு வச்சிருந்த சாமான்கள் அவை. ஆக, ஆரம்பமே அடுத்தவங்க போட்ட அஸ்திவாரத்து மேலதான்.

செப்டம்பர்ல வந்த 0.01 பதிப்பு மொத்தமே ஏறக்குறைய பத்தாயிரம் வரி. இதுல கவனிக்க வேண்டியது, நிரலே எழுதாம பங்களிச்சவங்களை. லினஸ் வச்சிருந்த பேர் 'ஃப்ரீக்ஸ்'. சர்வர்ல இடம் கொடுத்த ஆரி லெம்கேவுக்கு அந்தப் பேர் பிடிக்கலை. அடைவுக்கு 'லினக்ஸ்'னு பேர் வச்சுட்டார். அதுவே நிலைச்சுடுச்சு.

அதே வருஷக் கடைசியில ஜெர்மனியிலேர்ந்து ஒருத்தர், என் கணினியில நினைவகம் 2 எம்பிதான், இதுல கம்பைல் பண்ண முடியலைன்னு புலம்பினார். லினஸுக்குச் சொந்தத் தேவை எதுவும் இல்லை. ஆனாலும் கிறிஸ்துமஸ் விடுமுறையில உக்காந்து, நினைவகம் போதாதப்ப வட்டைக் கடன் வாங்கிக்கற வசதியைச் சேர்த்தார். மினிக்ஸ்ல இல்லாத வசதி அது. அந்த ஜெர்மன்காரர் செஞ்சது, தன் கஷ்டத்தைத் தெளிவா எழுதி அனுப்பினது மட்டும்தான்.

சரி, ஆளுக்கு ஆள் திருத்தம் அனுப்பறாங்களே, அதை எப்படிச் சேர்க்கறது? மோடம் காலத்துல மொத்தக் கோப்பையும் அனுப்பிட்டிருந்தா விடிஞ்சிடும். இதுக்கு வழி செஞ்சவர் லாரி வால். ரெண்டு கோப்புக்கு என்ன வித்தியாசம்னு சொல்ற 'டிஃப்' 1970களிலேயே பெல் ஆய்வகத்துல வந்தாச்சு. அந்த வித்தியாசத்தை மட்டும் வாங்கி, பழைய கோப்புல தானே பொருத்தற நிரலை 1985ல வெளியிட்டார். பேர் 'பேட்ச்'. நடுவுல கோப்பு கொஞ்சம் மாறியிருந்தாலும், அக்கம்பக்கத்து வரிகளைப் பாத்துச் சரியான இடத்தைக் கண்டுபிடிச்சு ஒட்டும். முன்பின் தெரியாதவர் அனுப்பின நாலு வரியை, வாசிச்சுப் பாத்துட்டு நொடியில சேர்த்துக்கலாம். பின்னாடி பேர்ல் மொழியை எழுதினவரும் இவர்தான். மொழியியல் படிச்சவர்ங்கறது கொசுறுத் தகவல்.

இதுவரைக்கும் இனிப்பு. இனி கொஞ்சம் கசப்பு.

கான் கொலிவாஸ்னு ஓர் ஆஸ்திரேலியர். தொழில், அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கற மருத்துவர். கணினி அறிவியல் படிச்சவர் இல்லை. பின்னாடி ஏதாவது பெரிய வேலை ஓடினா முன்னாடி பாட்டு விக்குது, சுட்டி திக்குதுங்கறது அந்தக் காலத்து லினக்ஸ் மேசைக்கணினிகளோட தலைவலி. எந்த வேலைக்கு எவ்வளவு நேரம்னு பங்கு பிரிக்கற ஷெட்யூலர் பகுதியை அவர் கையில எடுத்தார். வருஷக்கணக்கா ஒட்டுகள் வெளியிட்டார். அதுக்குன்னே ஒரு ரசிகர் கூட்டம் இருந்துச்சு.

2007 மார்ச்ல, எல்லா வேலைக்கும் நியாயமா நேரம் பிரிச்சுத் தர்ற புது ஷெட்யூலரை அனுப்பினார். அடுத்த மாசமே, அந்தப் பகுதியைப் பராமரிச்சிட்டிருந்த இங்கோ மோல்னார் தானே ஒண்ணை எழுதி வெளியிட்டார். நியாயப் பங்கீடு சாத்தியம்னு காட்டினதுக்குக் கானுக்கு நன்றியும் சொன்னார். லினஸ் எடுத்துக்கிட்டது இங்கோவோடதை. புகார் சொல்றவங்களோட கான் வாதாடறார், நிரலைப் பராமரிக்கறவர் புகாருக்கு எப்படிப் பதில் சொல்றார்ங்கறதுதான் முக்கியம்ங்கறது லினஸ் தரப்பு. பெரிய சர்வர்களை மட்டும் பாக்கறாங்க, சாதாரண மனுஷனோட கணினியைக் கண்டுக்கறதில்லைங்கறது கான் தரப்பு. 2007 ஜூலையில அவர் விலகிட்டார்.

ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. ஒட்டைச் சேர்க்கறது ஒரு நிமிஷ வேலை. அதைப் பத்து வருஷம் கட்டிக் காக்கறது வேற வேலை, அதுக்கு ஆளைப் பாத்துதான் நம்புவாங்க. ஆனா சம்பளம் இல்லாம ராத்திரி முழிச்சு எழுதினவருக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்! கான் 2009ல இன்னொரு ஷெட்யூலரோட திரும்பி வந்தார், ஆனா அதைக் கெர்னல்ல சேர்க்கச் சொல்லிக் கேக்கலை. இங்கோவோடதும் நிரந்தரம் இல்லை. 2023ல வந்த 6.6 பதிப்புல அதோட இடத்துக்கு வேற முறை வந்துடுச்சு. நியாயமான பங்குங்கற எண்ணம் மட்டும் இன்னும் உயிரோட இருக்கு.

நேரெதிர் கதையும் உண்டு. 2020 அக்டோபர்ல, நாலு திருத்தம் அனுப்பினா டி-ஷர்ட் இலவசம்னு சொன்ன ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்ச்சிக்காக, ஆயிரக்கணக்கான திட்டங்கள்ல ஒரு வார்த்தையைச் சும்மா மாத்தி அனுப்பித் தள்ளினாங்க. ஓசியில பராமரிக்கறவங்க குப்பை அள்ளியே நொந்து போனாங்க. கடைசியில, விருப்பம் தெரிவிச்ச திட்டங்களுக்கு அனுப்பறது மட்டும்தான் கணக்குன்னு விதியையே மாத்த வேண்டியதாப் போச்சு.

இந்தக் கதைகள்லேர்ந்து தம்பிங்களுக்கு நான் எடுத்துச் சொல்றது இதான். தினமும் பயன்படுத்தற ஒரு மென்பொருளை எடுத்துக்கோங்க. உங்களை உறுத்தற ஒரு சின்ன விஷயத்தை, எந்தப் பதிப்பு, என்ன செஞ்சா வருதுன்னு விளக்கி எழுதுங்க. உதவிக் குறிப்புல தப்பு இருந்தா திருத்துங்க. மெனுவுல தமிழ் அரைகுறையா இருந்தா, அதை நம்மளை விட்டா யார் சரி பண்ணுவா? கெர்னலே வேணும்னாலும் வழி இருக்கு. 2008லேர்ந்து அதுல 'ஸ்டேஜிங்'னு ஓர் அடைவு உண்டு. இன்னும் பக்குவப்படாத நிரல்களை அங்க வச்சு, என்னென்ன சரி செய்யணும்னு பட்டியலும் போட்டிருப்பாங்க. முதல் ஒட்டு போடறவங்க நிறையப் பேர் அங்கதான் கை பழகறாங்க.

அனுப்பின ஒட்டைத் திருப்பி அனுப்புவாங்க. இடைவெளி சரியில்லை, விளக்கம் போதலைன்னு குறை சொல்வாங்க. திருத்தி மறுபடி அனுப்புங்க. சில சமயம் உங்களோடதை விட்டுட்டு வேறொண்ணை எடுத்துப்பாங்க, அன்னிக்குத் தூக்கம் வராது. அதுக்கும் தயாரா இருந்துக்கோங்க.

ஏ, பி எழுதறதுலேர்ந்து ஆரம்பிக்கலாம், தப்பே இல்லை :-)