மரபணு ஒழுங்காற்றமும் மூளையும்: திருச்சிராப்பள்ளி ஆய்வுகள்

மரபணு ஒழுங்காற்றம் என்பது ஓர் உயிரணுவில் எந்த மரபணு, எப்போது, எவ்வளவு செயல்பட வேண்டும் என்பதை உடல் முடிவு செய்யும் முறை. கல்லீரலிலும் மூளையிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதிதான். எவை விழித்திருக்கின்றன என்பதில்தான் வேறுபாடு. நினைவு பதிவதும் சில நரம்பு நோய்கள் தோன்றுவதும் இதைச் சார்ந்தவை என்று காட்டிய ஆய்வுகளில் திருச்சிக்கும் பங்குண்டு.

மரபணுக்களை இயக்கவும் நிறுத்தவும் தனி ஏற்பாடு உண்டு என்பதை 1961இல் பாக்டீரியாவை வைத்து விளக்கியவர்கள் பிரான்சின் ஜாக்கப்பும் மோனோவும். முதுமையையே மரபணுச் செயல்பாட்டின் மாற்றமாகப் பார்க்கும் கோட்பாட்டை பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ். கனுங்கோ 1975இல் முன்வைத்தார். முதுமை என்றால் தேய்மானம் என்றே பலரும் எண்ணியிருந்த காலத்தில் அது துணிச்சலான கருத்து. இன்று போற்றப்படுவதைவிட மேலாகப் போற்றப்பட வேண்டியவர் அவர்.

மரபணு ஒழுங்காற்றத்துக்கு நரம்பு நோய்களோடு உள்ள தொடர்பு 1990களில் தெளிவானது. சிறுமிகளைப் பெரும்பாலும் தாக்கும் ரெட் நோய்க்குறிக்கு எம்.இ.சி.பி.2 மரபணுவின் பழுதே காரணம் என்று ஹுடா சோக்பியின் குழு 1999இல் கண்டறிந்தது. பிற மரபணுக்களை ஆளும் மரபணு அது. அது கெட்டதும், நன்றாக வளர்ந்துவந்த குழந்தை கற்ற பேச்சையும் கைத்திறனையும் இழக்கிறது.

திருச்சியின் பாலக்கரையிலிருந்து புதுக்கோட்டைச் சாலை வழியே தெற்கே சென்றால் பாரதிதாசன் பல்கலைக்கழகம் வரும். 1982இல் தொடங்கப்பட்டது. அங்கே விலங்கியல் பேராசிரியர் கே. இம்மானுவேல் ராஜனின் குழு, ஆய்வகங்கள் வழக்கமாக நாடும் எலியோடு நிற்காமல், நம்மூர்க் குறுமூக்குப் பழந்தின்னி வௌவாலையும் எடுத்துக்கொண்டது. நல்ல தேர்வு: பழத்தை மணத்தால் தேடிப் பிழைக்கும் விலங்குக்கு மண நினைவுதான் சோறு. புது மணத்தைக் கற்கும்போது ஈ.ஜி.ஆர்-1 என்னும் மரபணு மூளையில் விரைந்து விழிக்கிறது. அதன் செய்தி ஆர்.என்.ஏவோடு பொருந்தும் எதிரிழையை, மணத்தை உணரும் மூளைப் பகுதியான மோப்பக் குமிழுக்குள் செலுத்தி, புரதம் உருவாவதைக் குழுவினர் தடுத்தனர். அந்த வௌவால்களின் மணக் கற்றல் குன்றியது. இவ்வாய்வு 2012இல் வெளியானது.

அதே ஆண்டில் நீர்ப்பிரமி என்னும் மூலிகை பற்றிய இக்குழுவின் ஆய்வும் வந்தது. லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் தரப்படுத்திய சாற்றை எலிகளுக்குக் கொடுத்தபோது, மரபணுச் செயல்பாட்டை அடக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ-124 குறைந்து, நினைவுக்குத் தேவையான கிரெப் மரபணுவின் செயல்பாடு கூடியது. டி.என்.ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் அசிட்டைல் சேர்வதையும் இச்சாறு மாற்றுவதாக 2014இல் இராஜனின் குழு எழுதியது. வட இந்தியாவில் வல்லாரையையும் பிரமி என்று அழைப்பதால் இரண்டும் ஒன்றெனப் பலர் நம்புகிறார்கள்; அவை வெவ்வேறு குடும்பச் செடிகள்.

எலியில் கண்ட பயனை மனிதருக்கான மருந்துச்சீட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டில் பெரியவர்களுக்கு மறதி கூடினால், கடையில் சூரணம் வாங்குவதற்கு முன் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.