மொழி தெரியாத மேலாளர்

புதுச்சேரி யூனியன் பிரதேசத்தை மேப்பில் பார்த்தா ஒரே இடத்தில் இருக்காது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்க் கரையில், மாஹே கேரளத்துக்குள்ள, ஏனாம் ஆந்திரத்துக்குள்ள. பிரெஞ்சு ஆட்சியிலிருந்து 1954 நவம்பர் 1 அன்று கைமாறிய இந்த நாலு துண்டுக்கும் ஒரே அரசு. 1965ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழைப் பொதுவாக வைத்தது, ஆங்கிலத்துக்கும் இடம் கொடுத்தது. மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு என்ற விதிவிலக்கையும் கையோடு எழுதி வைத்தது.

ஒரே சர்வரில் பைத்தான், ஜாவா, நோட் எல்லாம் ஓட்டுபவர்களுக்கும் இதே சிக்கல்தான்.

யூனிக்ஸில் இதற்கு மூத்தவர் இனிட். 1971இல் வந்த முதல் பதிப்பிலேயே உண்டு. ஒவ்வொரு டெர்மினலுக்கும் ஒரு புரோசஸைக் கிளப்பும். அது முடிஞ்சா இன்னொண்ணைக் கிளப்பும். எந்த மொழியில் எழுதினது என்று கேட்காது. கெர்னல் அதுக்குச் சொல்வது, இன்ன எண் புரோசஸ் முடிந்தது, விடை இது என்பது மட்டும்தான். விடை 0 என்றால் நல்ல முடிவு, வேறு எண் என்றால் கோளாறு. நிறுத்தணும்னா ஒரு சிக்னல். ஒப்பந்தம் அவ்வளவுதான்.

ஆனா பழைய டீமன்கள் கிளம்பினதும் தாயை விட்டுப் பிரிந்து பின்னணிக்குப் போய்விடும். உயிரோட இருக்கா, செத்துதா என்று மேலாளருக்குத் தெரியாது. 1990களின் கடைசியில் டேனியல் பெர்ன்ஸ்டீனின் டீமன்டூல்ஸ் இதைத் திருப்பிப் போட்டது: எங்கும் ஓடாதே, என் கண் முன்னாடியே நில். பைத்தானில் எழுதின சூப்பர்வைசரும் இதே வழி. 2010இல் வந்த சிஸ்டம்டி, கெர்னலின் சிகுரூப் வசதியை வைத்து, பிரிந்து போன பிள்ளைகளையும் கணக்கில் வைத்தது. நோட் உலகத்துக்காக 2013இல் வந்த பிஎம்2கூட, இன்டர்பிரட்டர் எது என்று சொல்லிவிட்டால் பைத்தானையும் ஓட்டும்.

இருந்தும் மொழிக்கு மொழி பழக்கம் வேறே. நிறுத்தச் சொல்லி சிக்டெர்ம் அனுப்பினால் ஜாவா ஒழுங்காகவே முடிக்கும், ஆனா விடையாக 143 தரும் (128 கூட்டல் சிக்னல் எண் 15). சிஸ்டம்டிக்கு அது தோல்வி. 143உம் வெற்றிதான் என்று யூனிட் ஃபைலில் ஒரு வரி போடணும். பைத்தானோ, டெர்மினல் இல்லாத இடத்தில் பிரின்ட் பண்ணுவதை பஃபரில் சேர்த்து வைக்கும். திடீர்னு கொல்லப்பட்டால் கடைசி வரிகளும் கூடவே போகும். நமக்கு வேண்டியதே அந்த வரிகள்தான். பஃபர் வேண்டாம் என்பதற்கும் ஒரு செட்டிங் உண்டு.

மேலாளருக்கு எல்லா மொழியும் தெரியணும்னு அவசியமில்லை. எந்த ஊரில் என்ன விதிவிலக்கு என்று எழுதி வைத்தால் போதும். எழுதாமல் விட்டால், நல்லபடியா நிறுத்தினதுக்கெல்லாம் சிவப்பு விளக்கு எரியும். நாலு தடவை பொய்யாக எரிந்தால், அஞ்சாவது தடவை நிஜமாக எரியும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க.