கணினி எங்கே போச்சு? ஐமேக்குக்குள் ஒளிந்திருந்த சூட்டின் கதை

நேயர் ஒருத்தர் குரல் பதிவு அனுப்பியிருந்தார். பழைய 27 அங்குல ஐமேக் ஒன்று சல்லிசான விலைக்கு வருது, வீடியோ எடிட்டிங்குக்கு வாங்கலாமா என்று கேட்டிருந்தார். நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: எந்த வருஷத்து மாடல்? 2011 என்றார். சரி, அதுக்குப் பதில் சொல்லணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும். 1984க்கே போகணும்.

அந்த வருஷம் ஜனவரி 24 அன்று முதல் மேக்கின்டாஷ் வெளிவந்தது. திரை, பவர் சப்ளை, மதர்போர்டு எல்லாம் ஒரே பெட்டிக்குள். ஆனால் ஃபேன் கிடையாது. ஸ்டீவ் ஜாப்ஸுக்கு ஃபேன் சத்தமே ஆகாது. 1980இல் வந்த ஆப்பிள் 3 கணினியிலேயே அவர் ஃபேன் வேண்டாம் என்று சொல்லி, சூட்டில் சிப்புகள் சாக்கெட்டிலிருந்து நெகிழ்ந்து, பெரிய தலைவலியாகிப் போனது. ஆனாலும் மேக்கிலும் அதே பிடிவாதம். சூடான காற்று தானாக மேலே ஏறும், உச்சியில் இருக்கும் வெட்டுகள் வழியாக வெளியேறும் என்பது கணக்கு. நம்ம அடுப்படிப் புகைபோக்கியின் தத்துவம்தான்.

கணக்கு பாதிதான் பலித்தது. அந்தப் பெட்டிக்கு 'டோஸ்டர்' என்றே பட்டப்பெயர் விழுந்தது. உள்ளே பவர் சப்ளை போர்டின் பாகங்கள் சூட்டில் வாடின. மேலே உட்கார வைக்க ஃபேன் செய்து வெளி நிறுவனங்கள் விற்றன. அட்டையில் செய்த புகைபோக்கிகூட விற்பனைக்கு வந்தது, நம்புங்க. 1985இல் ஜாப்ஸ் ஆப்பிளை விட்டுப் போனார். 1987இல் வந்த மேக்கின்டாஷ் எஸ்இ-யில் ஃபேன் இருந்தது. அவர் போன பிறகுதான் ஃபேன் வந்தது என்று சொன்னால் அநியாயமாகத் தெரியலாம். ஆனால் தேதிகள் அப்படித்தான் இருக்கு.

ஜாப்ஸ் திரும்பி வந்தார், 1998இல் ஐமேக் வந்தது. அடுத்த வருஷமே ஃபேன் இல்லாத ஐமேக்கும் வந்தது. அதில் இருந்த ஜி3 சிப் அவ்வளவு சூடாகாது, அதனால் தப்பித்தது. 2004இல் ஐமேக் ஜி5 வந்தபோதுதான் ஆட்டம் மாறியது. மொத்தக் கணினியையும் தட்டைத் திரைக்குப் பின்னால் இரண்டு அங்குலத்துக்குள் அடைத்துவிட்டு, 'கணினி எங்கே போச்சு?' என்று விளம்பரமே செய்தார்கள். எங்கேயும் போகல. திரைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு வெந்துக்கிட்டு இருந்தது. 2004–05இல் விற்ற முதல் தொகுதியில் கெப்பாசிட்டர்கள் வீங்கி, இலவசமாகச் சரிசெய்து தர வேண்டியதாயிற்று.

இப்போ 2011 மே மாதத்துக்கு வருவோம். புது ஐமேக். 27 அங்குலம், 2560×1440 திரை, நாலு கோர் இன்டெல் சிப். உயர்ந்த மாடலில் ஏஎம்டி ரேடியான் ஹெச்டி 6970எம் கிராபிக்ஸ். அந்தக் கடைசி 'எம்' மொபைல் என்பதைக் குறிக்கும். மேசைக் கணினி என்று வாங்குகிறோம், உள்ளே இருப்பது லேப்டாப்புக்கான கிராபிக்ஸ் கார்டு. மேசைக் கணினிக் கார்டு அந்த இடத்துக்குள் போகாது, போனாலும் அதன் சூட்டை வெளியேற்ற வழியில்லை. அடுத்த மாதமே ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ் வந்தது. எஃபெக்ட், ரெண்டரிங் எல்லாவற்றுக்கும் கிராபிக்ஸ் சிப்பைப் பிழிந்து வேலை வாங்கும் மென்பொருள். எடிட்டர்களும் டிசைனர்களும் இந்த மெஷினை வாங்கியதே அதுக்குத்தான்.

உள்ளே மூன்று ஃபேன்கள். அவற்றின் பெயரைக் கேளுங்க: ஆப்டிகல் டிரைவ் ஃபேன், ஹார்ட் டிஸ்க் ஃபேன், சிபியு ஃபேன். கிராபிக்ஸ் சிப் பேரில் ஒரு ஃபேன்கூட இல்ல! டிவிடி டிரைவுக்கு இருக்கும் மரியாதை அதுக்கு இல்லை. அதன் ஹீட்சிங்க்குக்குப் பக்கத்து ஃபேனின் காற்றுதான். கீழ் விளிம்பில் உள்ளே போகும் காற்று, முதுகில் இருக்கும் ஒரு நீண்ட பிளவு வழியாக வெளியே வரும். அதுவும் சத்தம் கேட்கக் கூடாது என்பதால் ஃபேன்கள் நிதானமாகத்தான் சுற்றும். இதனாலேயே ஃபேன் வேகத்தை நாமே ஏற்றிக்கொள்ளும் சின்ன மென்பொருள்கள் அந்தக் காலத்தில் பிரபலமாயின.

சூடு மட்டும் சிப்பைக் கொல்வதில்லை. சூடாகி ஆறி, சூடாகி ஆறி வருவதுதான் கொல்லும். சிலிக்கான் கொஞ்சமாக விரியும், அது உட்கார்ந்திருக்கும் போர்டு அதைவிடப் பல மடங்கு விரியும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பவை குட்டிக் குட்டி சால்டர் புள்ளிகள். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைச்சுக்கிட்டே இருந்தா என்னாகும்? அதுதான். காலையில் எடிட்டிங், மதியம் ஸ்லீப், சாயங்காலம் ரெண்டரிங் என்று தினமும் பல வளைவுகள்.

இங்கே ஒரு வேடிக்கை. நம்ம ஊரில் சால்டர் பண்ணுவதை 'ஈயம் வைக்கிறது' என்போம். ஆனால் 2006 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றிய விதியால் பெரும்பாலான மின்னணுச் சாமான்களில் ஈயம் இல்லாத சால்டர்தான். பல ரிப்பேர்காரர்கள் பழியை அதன்மேல் போடுவார்கள். முழுசாக ஒத்துக்கொள்ள முடியல. 2008இல் என்விடியா லேப்டாப் சிப்புகளில் கோளாறு என்று 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கியபோது, சிப்பையும் பேக்கேஜையும் சேர்க்கும் பொருள்களே பலவீனம் என்றது. பிரச்சினை உள்ளேயும் இருக்கலாம், வெளியேயும் இருக்கலாம்.

2013 ஆகஸ்டில் ஆப்பிள் வாய் திறந்தது. 2011 மே முதல் 2012 அக்டோபர் வரை விற்ற 27 அங்குல ஐமேக்குகளில் சிலவற்றின் 6970எம் கார்டு பழுதாகலாம், படம் சிதையும், வெள்ளையாகவோ நீலமாகவோ செங்குத்துக் கோடுகள் வரும், இல்லாவிட்டால் திரை கறுத்துப் போகும், கார்டை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றது. அதற்குள் எத்தனை பேர் கைக்காசு போட்டு மாற்றியிருப்பார்கள்! கடைக்குக் கொண்டு போனால் 'ரொம்ப ஓட்டிட்டீங்க சார்' என்பார்கள். ஓட்டுறதுக்குத்தானே வாங்குறோம்? எடிட்டிங்குக்கு என்று விற்றுவிட்டு, எடிட் பண்ணியதைக் குற்றமாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

திட்டம் முடிந்த பிறகு வீட்டு வைத்தியம் ஆரம்பித்தது. கார்டைக் கழற்றி, கேக் சுடும் அவனில் 200 டிகிரி பக்கம் சில நிமிஷம் வைப்பது. பல கார்டுகள் உயிர்த்தெழுந்தன, நிஜமாகவே. ஆனால் ஈயமில்லா சால்டர் உருக 217 டிகிரி வேணும். அதனால் அங்கே எதுவும் உருகி ஒட்டல. விரிசல் விட்ட முனைகள் சூட்டில் விரிந்து திரும்ப ஒன்றையொன்று தொடுகின்றன, அவ்வளவுதான். சில வாரம், சில மாதம், மறுபடி கோடுகள். சாப்பாடு செய்யும் அவனில் இதைச் செய்யாதீங்க, தயவுசெய்து.

அதே மாடலில் ஒரு நல்ல விஷயமும் உண்டு. கார்டு தனியாகக் கழற்றக்கூடியது. பின்னாளில் சிலர் என்விடியா குவாட்ரோ லேப்டாப் கார்டுகளைப் போட்டு ஓட்டினார்கள். 2012 கடைசியில் 5 மில்லிமீட்டர் விளிம்போடு வந்த மெல்லிய ஐமேக்கில் கிராபிக்ஸ் சிப் போர்டிலேயே சால்டர். கழற்றவே முடியாது. 2017 ஐமேக் ப்ரோவில்தான் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தையும் சேர்த்து இரட்டை ஃபேன் வைத்தார்கள். 2021இல் எம்1 சிப் வந்ததும் தனி கிராபிக்ஸ் சிப்பே போய்விட்டது.

இப்போ நேயருக்குப் பதில். அந்த மெஷினுக்கு ஆப்பிள் தந்த கடைசி இயங்குதளம் ஹை சியரா. எடிட்டிங்குக்கு வேண்டாம். திரைக்காக வாங்குறீங்கன்னா, தண்டர்போல்ட் உள்ள சில பழைய மேக்புக்குகளுக்கு அதை மானிட்டராகவே பயன்படுத்தலாம். அப்பவும் காசு கொடுக்கும் முன் ஒரு மணி நேரம் கனமான வீடியோ ஓட்டிப் பாருங்க, செங்குத்துக் கோடு தெரியுதான்னு. கார்டு எப்போதாவது அவனுக்குள் போய் வந்திருக்கான்னும் விற்கிறவர்கிட்ட கேளுங்க. முகத்தைப் பாத்துக்கிட்டே கேளுங்க.