தண்டிக்கும் அதிகாரமும் ஆலைச் சம்பளமும்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் மணவாழ்க்கை வன்முறை

கணவன் மனைவியை அடிப்பது சில சமயம் சரிதான் என்று எத்தனை பேர் நினைக்கிறார்கள் என்பதை, 1998–99 தேசிய குடும்பநல ஆய்வு பெண்களிடமே கேட்டது. ஏதேனும் ஒரு காரணத்துக்காக அடிக்கலாம் என்றவர்கள் 56 சதவீதம். 2019–21 ஆய்விலும் பெண்களில் 45 சதவீதத்தினர் அதையே சொன்னார்கள், ஆண்களில் 44. ஆய்வு அடுக்கிய காரணங்களைப் பார்த்தால் விஷயம் விளங்கும்: சொல்லாமல் வெளியே போவது, வீட்டையும் பிள்ளைகளையும் கவனிக்காதது, எதிர்த்துப் பேசுவது, சமையல் சரியில்லாதது, மாமனார் மாமியாரை மதிக்காதது, உறவுக்கு மறுப்பது, நடத்தையில் சந்தேகம். அத்தனையும் மனைவியின் கடமைகளாகக் கருதப்படுபவற்றில் நேரும் பிசகுகள். அவற்றைத் தண்டிக்கும் அதிகாரம் கணவனுக்கு உண்டு என்பதே இந்த ஒப்புதலின் பொருள். “அடிக்கிற கைதான் அணைக்கும்” என்று மகளைச் சமாதானப்படுத்தித் திருப்பி அனுப்பும் தாய்வீடும் அதற்கு உடன்படுகிறது.

ஸ்ரீபெரும்புதூர் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இதற்கான எதிர்க்குரல் புதிதல்ல. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் கோரித் தீர்மானம் போட்டது. குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தமிழ்நாட்டில் சட்டமாக 60 ஆண்டுகள் ஆயின. 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில், மனைவியைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கும் 498ஏ பிரிவு சேர்ந்தது. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. ஆனாலும் 2019–21இல் தமிழ்நாட்டின் மணமான பெண்களில் சுமார் 38 சதவீதத்தினர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகக் கூறினர். தேசிய அளவில் அது 29 சதவீதம்தான். படிப்பிலும் தொழிலிலும் முன்னே நிற்கும் மாநிலத்துக்கு இது தலைகுனிவு.

இந்தப் பின்னணியில்தான் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்துக்கு ஆலைகள் வந்தன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் நோக்கியா, 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான். மின்னணு ஆலைகள் இளம்பெண்களை ஆயிரக்கணக்கில் வேலைக்கு எடுத்தன. காலை ஷிஃப்டுக்குப் போகிறவள் இருட்டிலேயே அடுப்பைப் பற்றவைத்து, கம்பெனி பஸ் பிடிக்க ஓட வேண்டும். இரவு ஷிஃப்ட் என்றால் பிள்ளையை யாரிடமாவது விட வேண்டும். சமையல், பிள்ளை, வெளியே போவது என்று, அடிக்கக் காரணமாகச் சொல்லப்படும் அதே இடங்களில்தான் ஆலைவேலை கை வைக்கிறது.

சம்பளம் வந்தால் அடி தானாகக் குறையும் என்ற நம்பிக்கை அதனால்தான் பொய்க்கிறது. பெங்களூரில் இளம் மணமான பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியான ஆய்வில், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு வன்முறை அபாயம் கூடியிருந்தது. நிலையான வேலையில் இருந்த கணவனுக்குப் புதிதாக வேலைச் சிக்கல் வந்த வீடுகளிலும் அப்படியே. கேரளத்தில் பிரதீப் பாண்டாவும் பினா அகர்வாலும் 2005இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது: சொத்தில்லாத பெண்களில் 49 சதவீதத்தினர் உடல்ரீதியான வன்முறைக்கு ஆளாகியிருந்தனர்; நிலமும் வீடும் சொந்தமாக உள்ளவர்களில் 7 சதவீதத்தினர் மட்டுமே. கிளம்பிப் போக ஓர் இடம் இருக்கிறது என்பதைக் கணவனும் அறிந்திருப்பதே அந்தப் பாதுகாப்பு. மாதச் சம்பளம் அதைத் தருவதில்லை. வேலையே நிலையில்லாதபோது இன்னும் மோசம். 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது அங்கே வேலை பார்த்த பெண்களின் வருமானமும் நின்றது. சுங்குவார்சத்திரம் அருகிலுள்ள ஐபோன் ஆலையில் வேலைக்கு ஆள் எடுக்கும்போது மணமான பெண்கள் ஒதுக்கப்படுவதாக 2024இல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. ஒன்றிய அரசு மாநிலத்திடம் அறிக்கை கேட்டது, ஆலையை நடத்தும் நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. தாலி ஏறியவளுக்கு வேலை கிடைக்காதானால், சம்பளம் மிகவும் தேவைப்படும் காலத்தில் அது அவள் கையில் இருக்காது.

2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இந்த வட்டாரத்துக்குப் பொருத்தமானது. வாடகை வீடானாலும் மனைவிக்கு அங்கே குடியிருக்கும் உரிமையை அது தருகிறது. தாலி கட்டாமல் கணவன் மனைவிபோல் சேர்ந்து வாழ்பவருக்கும் அது பொருந்தும். அதன் 4ஆம் பிரிவின்படி, வன்முறை நடக்கிறது என்று நம்பும் எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர் மீது எந்தப் பொறுப்பும் சுமத்த முடியாது. ஒரே சுவரைப் பகிரும் லைன் வீடுகளில் பக்கத்து வீட்டுச் சத்தம் கேட்காமல் இருப்பதில்லை. கேட்பவர் 181 மகளிர் உதவி எண்ணை இரவானாலும் அழைக்கலாம்.